பிரவுசர் சுற்றிய மூன்று நாட்கள்

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலையில் இருப்பவர்களிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. போனை எடுத்ததும் "வரல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்ன வரவில்லை, எங்கே வரவில்லை, எப்போதிலிருந்து வரவில்லை என்பதையெல்லாம் நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஜோசியருக்காவது பிறந்த நேரம் சொல்வார்கள்.

நான் ஒரகடத்தில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். ரூம் படப்பையில். சரியாகச் சொன்னால் நான் அந்தத் தொழிற்சாலையின் ஆளே இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு பராமரிப்புக் கம்பெனி என்னை அங்கே உட்கார வைத்திருக்கிறது. என் பெயர் செல்வராணி. அது அங்கே யாருக்கும் தெரியாது. "சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கு", "சிஸ்டம் இன்னிக்கு லீவு" என்று யாராவது பேசிக்கொண்டால் அது என்னைப் பற்றித்தான்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஒரு நாள் காலையில் பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகி, புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று திறந்து, அடுத்த நிமிஷம் உறைந்துபோய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அந்த வட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லாரையும் என் சொந்தக்காரர்களாகவே நினைத்து இதை எழுதுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் அது மூன்று நாள் சுற்றியது.

ஆளுக்கு எத்தனை கை?

திங்கட்கிழமை காலை, ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் ஒன்பது அழைப்புகள். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து பிரவுசர் அப்டேட் ஆகியிருந்தது. எங்களிடம் லீவு, கேட் பாஸ், கேன்டீன் டோக்கன், ஸ்டோர்ஸில் சாமான் கேட்கும் இண்டென்ட் எல்லாமே பிரவுசரில்தான். திறந்தால் இருபது விநாடி உயிரோடு இருக்கும். அப்புறம் சிலை.

இந்தத் தொழிலில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "நீங்க என்ன பண்ணீங்க?" அதற்கு எல்லாரும் சொல்லும் பதில், "நான் ஒண்ணுமே பண்ணல." ஸ்டோர்ஸ் தேவகி அக்காவும் அதையேதான் சொன்னார். தினமும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கையுறை ஒரு பெட்டி வேண்டும் என்று இண்டென்ட் போட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தியிருக்கிறார், திரை உறைந்துவிட்டது. அதற்கு அப்புறம் அக்கா ஒன்றுமே பண்ணவில்லை, அதே பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்ததைத் தவிர.

கொஞ்ச நேரம் கழித்து பிரவுசருக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று மூச்சு விட்டது. விட்டதும், அக்கா அழுத்திய அத்தனையையும் ஒன்று விடாமல், வரிசையாக, மரியாதையாக நிறைவேற்றியது. நாற்பத்து மூன்று பெட்டிக் கையுறை. பர்ச்சேஸிலிருந்து போன் செய்து "உங்க ஸ்டோர்ஸ்ல ஆளுக்கு எத்தனை கை?" என்று கேட்டார்கள். ஏன்க்கா இத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று நான் கேட்டதற்கு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த கம்பெனில ஒருவாட்டி கூப்ட்டா எவம்மா திரும்பிப் பாக்குறான்?"

எழுபத்தோரு ஜன்னல்

அடுத்தது குவாலிட்டி பத்மநாபன் சார். அமைதியானவர். ரப்பரில் ஒரு நூலளவு பிசிறு இருந்தாலும் லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய பிரவுசரில் மட்டும் எழுபத்தோரு டேப் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றும் எறும்பு அகலம். எது எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. "சார், இதுல பாதியை மூடினா கொஞ்சம் மூச்சு விடும்" என்றேன். ரேஷன் கார்டைக் கேட்ட மாதிரிப் பதறினார். மூடிவிட்டால் திரும்ப வராதாம். ஒரு டேப் போன வருஷம் திறந்தது, அதில் ஏதோ முக்கியமாகப் படிக்க இருந்ததாம்.

பேரம் பேசி, உறையும்போதெல்லாம் மறுபடி திறந்து, ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தோம். திருப்பதி தரிசனம், முழங்கால் வலிக்கு எண்ணெய், பழைய கார், முழங்கால் வலிக்கு வேறு எண்ணெய். ஐம்பதாவதோ என்னவோ, மறைமலை நகரில் இருக்கும் வேறொரு கம்பெனியின் பக்கம் திறந்தது. 'குவாலிட்டி மேனேஜர் தேவை. பதினைந்து வருட அனுபவம் அவசியம்.' விண்ணப்பம் பாதி நிரப்பி நின்றது. சார் சட்டென்று எழுந்து கதவைப் பார்த்தார். நான் மேஜைக்கடியில் வயரைப் பார்த்தேன். அவருக்கு ஒரே பிள்ளை, ஆறாம் வகுப்புப் படிக்கிறான். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அது என் பையனுக்காகப் பாத்தது."

டிக்கெட் எடுத்தீங்களா?

டேப்பை மூடியும் நிற்கவில்லை. திங்கள் சாயங்காலம் வரை எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். அணைத்துப் போட்டேன். கூடவே ஒட்டிக்கொண்டிருந்த சின்னச்சின்ன இணைப்புகளை எடுத்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். பிரவுசரையே கழற்றி மறுபடி போட்டேன். வட்டம் மட்டும் சலிக்காமல் சுற்றியது. என் லேப்டாப்பும் அப்டேட் ஆகியிருந்ததால் அதிலும் அதே வட்டம்.

பழைய பிரவுசருக்கே திரும்பிப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போகலாம். அதற்குச் சென்னை ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பாலாஜி சாருக்கு போன் போட்டேன். அவர்தான் எனக்கு மேலே. நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்றார். எங்கள் மொழியில் டிக்கெட் என்றால் புகார் பதிவு. அதைப் பதிவது பிரவுசரில். "சார், பிரவுசர் வேலை செய்யலன்னுதான் போன் பண்றேன்" என்றேன். "அதை டிக்கெட்ல எழுதுங்க" என்றார்.

இப்படி இரண்டு சுற்று போனோம். கடைசியில் மனம் இரங்கி, "பிரவுசர் சேமிச்சு வெச்ச குப்பையெல்லாம் மொத்தமா அழிச்சுப் பாருங்க" என்று ஒரு வழி சொன்னார். இங்கே முப்பத்திரண்டு கம்ப்யூட்டர் நிற்கிறது, நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "என் ஸ்க்ரீன்ல உங்க சைட்டு பச்சையா இருக்கு சிஸ்டர். டிக்கெட் இல்லன்னா பிரச்னையும் இல்ல."

பதினெட்டாவது கேள்வி

இதுவரை சிரித்துவிட்டேன். இனிமேல் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை.

எங்கள் ட்ரெயினிங் அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள். அன்று நான்கு பெண்கள் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் டிரெயினியாக லைனில் நின்றவர்களுக்கு ஒரு தேர்வு, இருபத்தைந்து கேள்வி. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டாலும் எழுதாவிட்டாலும் டிரெயினிக் காலம் முடிந்தது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தப் பக்கம் மூடிவிடும். லைன் ஆட்களின் செல்போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போனில் எழுதவும் வழியில்லை. திங்கட்கிழமை முழுக்க அவர்கள் முயற்சி செய்திருக்கிறார்கள். உறையும், அணைத்துப் போடுவார்கள், ஒரு கேள்விக்குப் பதில் போடுவார்கள், உறையும். ஹெச்.ஆரில் கேட்டதற்கு "சிஸ்டம் பாத்துக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதில் முருகேஸ்வரி கமுதிப் பக்கத்துப் பெண். இப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டே பதினெட்டாவது கேள்வி வரை வந்திருந்தாள். நான் போனதும், "அக்கா, இன்னும் ஏழுதான்" என்றாள். பாலாஜி சார் சொன்ன வைத்தியம் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. சேமித்ததையெல்லாம் அழித்தேன். பிரவுசர் திறந்தது. முதல் கேள்வி வந்து நின்றது. ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் போட்ட பதில்கள் அந்தக் குப்பைக்குள்தான் இருந்திருக்கின்றன. ஏழாவது விநாடியோ எட்டாவது விநாடியோ, அதுவும் உறைந்தது.

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷத்தில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். அவள் திரையையே பார்த்தாள். மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். "மன்னிச்சிரும்மா, பதிலெல்லாம் போயிருச்சு" என்றேன். முருகேஸ்வரி மெதுவாகச் சொன்னாள்: "பதிலு எனக்குத் தெரியும்க்கா. மணி ஒண்ணரை ஆயிருச்சே, அதை எங்குட்டுப் போயித் தேடுவீங்க?"

அப்புறம் வா

சாப்பிடத் தோன்றவில்லை. கேன்டீன் பக்கம் போகாமல் கேட் வரைக்கும் நடந்தேன். செக்யூரிட்டி கேபினில் ஏகாம்பரம் அண்ணன் ஒரு லாரிக்கு கேட் பாஸ் அடித்துக்கொண்டிருந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர். ஒற்றை விரலால் தட்டுவார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாஸ் பிரிண்ட் ஆகி வந்தது. அடுத்த லாரி. அதற்கும் பாஸ் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாகக் கேட்டிலிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர் நிக்கவே இல்லையா?"

"அது ஏன் நிக்கணும்? நல்லாத்தான் கீது."

குனிந்து பார்த்தேன். பிரவுசர் பழையது. தொழிற்சாலை முழுக்க அப்டேட் ஆகியும் இது மட்டும் ஆகவில்லை. மூலையில் 'அப்டேட் தயாராக உள்ளது, இப்போது நிறுவலாமா?' என்று ஒரு சின்னக் கட்டம். அண்ணன் பழக்கப்பட்ட விரலால் 'பிறகு' என்பதைத் தட்டினார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அது தினமும் வருமாம், இவர் தினமும் அனுப்பிவிடுவாராம். சாயங்காலம் டியூட்டி மாறும்போது பிளக்கையும் பிடுங்கிவிடுவாராம்.

(இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்டேட்டைத் திருப்பி அனுப்ப ஆரம்பிக்காதீர்கள். திருடனுக்குக் கதவு திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். நான் சொல்வது அன்றைக்கு மட்டும்.)

ஏன் அண்ணே, அதைப் போட விட்டால் என்ன என்றேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "பேரு இன்னா, எங்கேர்ந்து வர்றன்னு சொல்லாம உள்ள வுடுன்னு கேட்டா, அப்புறம் வான்னுதான் சொல்லுவேன். ஆளா இருந்தா இன்னா, அப்டேட்டா இருந்தா இன்னா?"

ரிஜிஸ்டரைப் பாருங்க சார்

இரண்டே கால் மணிக்கு நான்கு பெண்களையும் கேட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரு கம்ப்யூட்டர், நான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிஷம். கணக்கு சரியாகத்தான் இருந்தது, லாரிகளை மறந்துவிட்டால். கேட் பாஸ் இல்லாமல் லாரி வெளியே போகக்கூடாது. ரப்பர் பட்டை போய்ச் சேராவிட்டால் அங்கே கார் செய்கிறவர்களின் லைன் நிற்கும். அவர்கள் லைன் நின்றால் இங்கே யார் தலை உருளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏகாம்பரம் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் என்னைப் போல வேறொரு கம்பெனி அனுப்பி வைத்த ஆள்தான். ஒரு புகார் போதும், மறுநாள் வேறு ஆள் நிற்பார். அந்தப் பெண்களைப் பார்த்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எழுதிய பழைய கேட் பாஸ் புத்தகத்தையும் கார்பன் தாளையும் தேடி எடுத்தார். நாற்காலியை முதல் பெண்ணிடம் தள்ளிவிட்டு, வெளியே போய் ஒரு லாரியின் பக்கவாட்டில் புத்தகத்தை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

மற்ற மூவருக்கும் மூன்றரை மணி பஸ் என்பதால் முருகேஸ்வரி கடைசியாக உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் உட்காரும்போது மணி மூன்று இருபத்தெட்டு. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் வட்டம் வந்துவிட்டதா என்று திரையைப் பார்ப்பதுமாக நின்றேன். அந்த நேரம் பார்த்து பிளான்ட் ஹெட்டின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. கண்ணாடி இறங்கியது. செக்யூரிட்டி நாற்காலியில் யூனிஃபார்ம் போட்ட ஒரு லைன் பெண், வெயிலில் நின்று எழுதும் செக்யூரிட்டி, நடுவில் நான். அவர் இறங்கியே வந்துவிட்டார். "என்ன நடக்குது இங்க?"

ஏகாம்பரம் அண்ணன் சல்யூட் அடித்துவிட்டுப் புத்தகத்தை நீட்டினார். "உள்ள அத்தினி கம்ப்யூட்டரும் ரெண்டு நாளா நின்னு கீது சார். அந்தப் பொண்ணுங்க பரீட்சை நாலு மணிக்கு முடியுது. இங்க ஒரு வண்டியும் நிக்கல. ரிஜிஸ்டரைப் பாருங்க சார்."

பிளான்ட் ஹெட் ரிஜிஸ்டரைப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். முருகேஸ்வரி தலையே நிமிரவில்லை. நெற்றியில் வியர்வை வழிய அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் காருக்குத் திரும்பப் போனவர் பாதியில் நின்று என்னிடம் சொன்னார்: "அந்த ஃபேனை அவ பக்கம் திருப்பி வைங்க."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் அனுப்பிவிட்டாள். ஒரே ஒரு தடவைதான் பொத்தானை அழுத்தினாள்.

ஒரே ஒரு டிக்

பெண்கள் போன பிறகு கேபினிலேயே உட்கார்ந்து, அந்தப் பழைய பிரவுசரின் அமைப்புகளை ஒவ்வொன்றாக கேட் பாஸ் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்தேன். பிறகு என் லேப்டாப்பைத் திறந்து, அது உறைவதற்கு முன் கிடைக்கும் இருபது விநாடிக்குள் ஒரு அமைப்பு, மறுபடி திறந்து இன்னொரு அமைப்பு என்று ஒத்துப் பார்த்தேன். பதினோராவது தடவை மாட்டியது. திரையில் படம் வரைகிற வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும் ஒரு வசதி. எங்கள் கம்ப்யூட்டர்களின் கார்டுகள் கிழம். அதனால் அந்த வசதியை அணைத்தே வைத்திருந்தோம். அப்டேட் வந்ததும் யாரையும் கேட்காமல் டிக் போட்டு அதை இயக்கிவிட்டது. கார்டு திணறியது. பிரவுசர் நின்றது. அவ்வளவுதான். அந்த டிக்கை எடுத்தேன். ஓடியது. ஐந்து நிமிஷம் ஓடியது. பத்து நிமிஷம் ஓடியது. நான் கை தட்டினேன். ஒரு லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டையும் சரி செய்துவிட்டேன். கேட் கம்ப்யூட்டரையும் அப்டேட் செய்து, அதிலும் அந்த டிக்கை எடுத்தேன். மாலை மரியாதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எல்லார் முகத்திலும் ஏமாற்றம் தெரிந்தது. மூன்று நாள் நின்றதற்கு ஏதாவது பெரிய வியாதியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். பத்மநாபன் சார் "மூடின டேப்பெல்லாம் வருமா?" என்றார். சென்னையிலிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது: 'எங்கள் குழுவின் துரித நடவடிக்கையால்' என்று ஆரம்பித்தது, பாலாஜி சார் கையெழுத்து. தேவகி அக்கா மட்டும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தத் துளியூண்டு டிக்குக்கா மூணு நாளு பறந்துகினு இருந்தே?"

பன்னிரண்டாவது கேள்வி

இரண்டு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். நான்கு பேரில் மூன்று பேர் தேறியிருந்தார்கள். நான்காவது பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வேடிக்கையாக ஒன்றும் இல்லை. முருகேஸ்வரி பெயர் இருந்தது. மத்தியானம் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பாக்கெட் சேவு. அழித்துவிட்டேனே என்று நான் மறுபடி ஆரம்பித்ததும் கையமர்த்தினாள்.

பன்னிரண்டாவது கேள்வி, 'இயந்திரத்தில் கோளாறு என்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன?' என்பதாம். முதல் தடவை 'சூப்பர்வைசரை அழைக்க வேண்டும்' என்று போட்டிருந்தாளாம். 'இயந்திரத்தை நிறுத்த வேண்டும்' என்பதுதான் சரி. தேறுவதற்கு வேண்டிய மார்க்குக்கு ஒன்றுகூடக் கூடுதலாக அவளுக்கு இல்லை. "ரெண்டாவது தடவ எப்பிடிச் சரியாப் போட்ட?" என்றேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "மெஷினை நிப்பாட்டாம கண்டதையும் அமுக்குனா என்ன ஆகும்னு, அதான் உங்களையப் பாத்துட்டேன்ல்லக்கா."

முப்பத்திரண்டு கம்ப்யூட்டரைச் சரி செய்ததற்கு ஒருவரும் நன்றி சொல்லாமல், தப்பாக அழித்த ஒன்றுக்குச் சேவு பாக்கெட் கிடைக்கிற தொழில் இது.